நகச்சொத்தைக்கு வைத்தியம் விரலிடுக்கிலிருந்து

நகம் மஞ்சளித்துத் தடித்துவிட்டது என்று காட்ட வருகிறவர்களிடம் நான் முதலில் நகத்தைப் பார்ப்பதில்லை. சுண்டுவிரலையும் அதற்கு அடுத்த விரலையும் விரித்து, நடுவில் என்ன இருக்கிறது என்று பார்ப்பேன். பெரும்பாலும் அங்கே தோல் ஊறி வெளுத்து, ஓரம் உரிந்து, அடியில் மெல்லிய வெடிப்பு ஒன்று இருக்கும். "அது எப்போதும் இருப்பதுதான், கொஞ்ச நாள் அரிக்கும், தானாகப் போய்விடும்" என்பார்கள். அந்தச் சேற்றுப்புண்தான் நகத்துக்குள் புகுந்திருக்கிறது. பாதப் பராமரிப்புப் பிரிவில் செவிலியராக நெடுங்காலம் பணிபுரிந்ததில் எனக்கு உறுதிப்பட்டது இதுதான்: தோலில் இருக்கும் பூஞ்சையை விட்டுவிட்டு நகத்துக்கு மட்டும் மருந்து போடுகிறவர்கள் திரும்பத் திரும்ப வருகிறார்கள். ஆகவே இந்த வழிகாட்டியும் தோலிலிருந்தே தொடங்குகிறது.

தோலிலும் நகத்திலும் முடியிலும் இருக்கும் கெரட்டின் என்ற புரதத்தைத் தின்று வாழும் பூஞ்சைகள் சில உண்டு. டெர்மட்டோபைட்டுகள் என்று அவற்றுக்குப் பெயர். பாதத்தில் நாம் காண்பவற்றில் பெரும்பங்கு ட்ரைக்கோஃபைட்டான் ரூப்ரம் என்ற ஒரே இனம். அதற்கு அடுத்து ட்ரைக்கோஃபைட்டான் இன்டர்டிஜிட்டேல். ஆரோக்கியமானவர்களிடம் இவை உயிருள்ள சதைக்குள் இறங்குவது மிக அரிது. மேலிருக்கும் இறந்த தோலிலும் நகத்திலும் தங்கிக்கொண்டு மெதுவாகப் பரவும். வலிக்காது, காய்ச்சல் வராது. யாரும் இதை அவசரமாகக் கவனிக்காததற்குக் காரணமும் அதுதான்.

பூஞ்சை பிடிக்க இரண்டு வேண்டும்: வித்து, ஈரம். தொற்று உள்ளவரின் காலிலிருந்து உதிரும் தோல் செதிள்களில் வித்துகள் இருக்கும். பொதுக் குளியலறைத் தரை, நீச்சல் குளத்து நடைபாதை, உடற்பயிற்சிக் கூடத்தின் உடை மாற்றும் அறை, வீட்டில் ஒருவர் துடைத்துவிட்டு மற்றவர் எடுக்கும் துண்டு, கடன் வாங்கிய செருப்பு என எங்கும் அவை மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஆனால் காய்ந்த, முழுமையான தோலில் விழுந்தால் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். நாள் முழுவதும் ஷூவுக்குள் புழுங்கி, விரலும் விரலும் ஒட்டிக்கொண்டு ஊறிய இடத்தில் விழுந்தால்தான் வேர் பிடிக்கும். சுண்டுவிரல் இடுக்குதான் எல்லாவற்றிலும் நெருக்கமானது, காற்றே புகாதது. தொற்று அங்கே தொடங்குவது அதனால்தான்.

சிலருக்கு இது எளிதில் வரும். கால் அதிகம் வியர்ப்பவர்கள், பாதுகாப்பு பூட்ஸ் போட்டு வேலை செய்பவர்கள், ஓட்டப் பயிற்சியாளர்கள், வயது ஏறியவர்கள், நீரிழிவு உள்ளவர்கள், காலுக்கு ரத்த ஓட்டம் குறைந்தவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள். குடும்ப வாகாகவும் வருகிறது. ஒரே வீட்டில், ஒரே தரையில் நடந்தாலும் ஒருவருக்குப் பிடிக்கும், இன்னொருவரைத் தொடாது. எனவே இதை அசுத்தத்தின் அடையாளமாக எண்ணி வெட்கப்பட வேண்டாம். வெட்கத்தால் காலை மறைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்டவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். எனக்கு வருத்தம் தருவதும் அதுதான்.

பாதத்தில் எப்படித் தெரியும்?

விரலிடுக்கில் வரும் வகையை எல்லாரும் அறிவார்கள். தவறவிடப்படுவது உள்ளங்கால் வகை. குதிகாலும் பாதத்தின் ஓரங்களும் வறண்டு, லேசாகச் சிவந்து, தோலின் கோடுகளில் மாவு படிந்ததுபோல வெள்ளையாகச் செதிள் நிற்கும். அரிப்புகூடப் பெரிதாக இருக்காது. "பாத வெடிப்பு" என்று எண்ணி ஈரப்பத க்ரீமை மாதக்கணக்கில் தடவிக்கொண்டிருப்பார்கள், வறட்சி மட்டும் போகாது. இரண்டு பாதமும் இப்படியிருந்து, ஒரு கையின் உள்ளங்கையும் மட்டும் வறண்டிருந்தால் பூஞ்சை என்ற சந்தேகம் மிகவும் வலுக்கிறது. இரு பாதம், ஒரு கை என்ற இந்த அமைப்பு தோல் மருத்துவர்களுக்கு நன்கு தெரிந்த அடையாளம். மூன்றாவது வகையில் பாதத்தின் வளைவில் நீர்க்கொப்புளங்கள் கூட்டமாக வந்து கடுமையாக அரிக்கும்.

விரலிடுக்கில் வெளுத்திருப்பதெல்லாம் பூஞ்சை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். எரித்ராஸ்மா என்ற பாக்டீரியாத் தொற்றும் அப்படியே இருக்கும். புற ஊதா விளக்கில் அது பவளச் சிவப்பாக ஒளிர்வதை வைத்து மருத்துவர் பிரித்தறிவார். உள்ளங்காலில் சிறுசிறு குழிகளுடன் கடும் நாற்றம் வந்தால் அதுவும் பாக்டீரியாவாக இருக்கலாம். கொப்புளங்கள் எக்ஸிமாவாகவும், செதில் சொரியாசிஸாகவும் இருக்கலாம். முறையாகப் பூசியும் நான்கு வாரத்தில் மாற்றமே இல்லை என்றால் களிம்பின் பெயரை மாற்றிக்கொண்டே போகாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

களிம்பு பூசும் முறை

விரலிடுக்கில் மட்டும் இருக்கும் தொற்றுக்கு மாத்திரை வேண்டியதில்லை. டெர்பினாஃபின் க்ரீமை நாளுக்கு ஒரு முறையோ இரு முறையோ, ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை பூசினால் பெரும்பாலானவர்களுக்குக் குணமாகும். க்ளோட்ரிமசோல், மைக்கோனசோல் போன்றவையும் வேலை செய்யும், ஆனால் நான்கு வாரம் வரை தேவைப்படும். நோயாளிகளிடம் நான் அழுத்திச் சொல்வது மருந்தின் பெயரைவிடப் பூசும் முறையைத்தான்.

முதலில் காலைக் கழுவி முழுவதும் உலர்த்துங்கள். ஒவ்வொரு இடுக்கிலும் துணியின் ஓரத்தை நுழைத்து ஒற்றி எடுங்கள். தேய்த்தால் ஊறிய தோல் கிழியும். உலர்ந்த பிறகு மெல்லிய படலமாகப் பூசி, தோலுக்குள் இறங்கும்வரை தடவுங்கள். இடுக்கில் வெள்ளையாகத் தங்கும் அளவு அப்பினால் அதுவே ஈரத்தைப் பிடித்துவைக்கும். கண்ணுக்குத் தெரியும் தொற்றின் எல்லையைத் தாண்டி இரண்டு சென்டிமீட்டர்வரை பூசுங்கள். பூஞ்சை நமக்குத் தெரியும் இடத்தைவிட அதிக தூரம் போயிருக்கும். ஓர் இடுக்கில் இருந்தாலும் எல்லா இடுக்குகளிலும், இரண்டு காலிலும் பூசுவது நல்லது. முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

அரிப்பு மூன்று நான்கு நாளில் அடங்கிவிடும். அங்கேதான் பாதிப் பேர் நிறுத்துகிறார்கள். அரிப்பு நின்றது என்றால் பூஞ்சை குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். மருந்துத் தாளில் சொன்ன கால அளவை முழுதாக முடியுங்கள். க்ளோட்ரிமசோல் வகையாக இருந்தால் தோல் சரியான பிறகும் ஒன்றிரண்டு வாரம் பூசுங்கள். உள்ளங்கால் வகைக்கு இன்னும் பொறுமை வேண்டும். அங்கே தோல் தடிமன். க்ரீம் எளிதில் இறங்காது. யூரியா அல்லது சாலிசிலிக் அமிலம் கலந்த களிம்பால் தடித்த தோலை இளக்கிவிட்டுப் பூஞ்சை மருந்தைப் பூசச் சொல்வார்கள். அதற்கும் மசியாவிட்டால் மருத்துவர் மாத்திரை தருவார்.

ஸ்டீராய்டு கலந்த களிம்புகளைப் பற்றி உரக்கவே சொல்ல விரும்புகிறேன். பூஞ்சை மருந்து, பாக்டீரியா மருந்து, வீரியமான ஸ்டீராய்டு மூன்றையும் ஒரே குழாயில் அடைத்து விற்பவை அவை. பூசிய மறுநாளே சிவப்பும் அரிப்பும் மறையும், அதனால் நல்ல மருந்து என்ற பெயரும் எடுக்கும். ஆனால் ஸ்டீராய்டு அடக்கியது பூஞ்சையை அல்ல, அதை எதிர்த்த உடலின் முயற்சியை. பூஞ்சை சத்தமில்லாமல் பரவும், உருமாறும், பார்த்தவுடன் இன்னதென்று மருத்துவரே சொல்ல முடியாத நிலைக்கு வரும். தோலும் மெலிந்து போகும். அக்கம்பக்கத்தார் பரிந்துரைத்த களிம்பு என்றால், பூசுமுன் உட்பொருள் பட்டியலைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசோல் என்ற பெயர்கள் இருந்தால் மருத்துவர் சொல்லாமல் தொட வேண்டாம்.

நகத்துக்குள் போய்விட்டால்

பெரும்பாலும் பெருவிரல் நகத்தின் நுனியிலோ ஓரத்திலோ மஞ்சளாக அல்லது வெண்மையாக ஒரு கீற்று தோன்றும். பிறகு அது வேர்ப்பக்கம் நோக்கி நகரும். நகத்தடியில் சுண்ணாம்புத் துகள்போல் பொடி சேரும், நகம் தடித்து நொறுங்கும், அடியிலிருக்கும் சதையை விட்டுத் தூக்கிக்கொள்ளும். சிலருக்கு நகத்தின் மேற்பரப்பில் மட்டும் வெள்ளைத் திட்டாகப் படரும். அது எளிதில் தீரும். வேரிலிருந்து வெள்ளையாகத் தொடங்கி நுனிக்கு வருவது அரிது. அப்படி வந்தால் உடலின் எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கிறதா என்று மருத்துவர் பரிசோதிப்பார்.

கெட்டுப்போன நகங்களில் ஏறத்தாழப் பாதிதான் பூஞ்சையால் வருபவை. மீதிக்குக் காரணம் சொரியாசிஸ், லைக்கன் பிளேனஸ் போன்ற தோல் நோய்கள், இறுக்கமான ஷூ நாளெல்லாம் இடித்த அடி, வயது முதிர்வு. ஓட்டக்காரர் ஒருவருக்கு இரண்டு பெருவிரல் நகங்களும் ஒரே அளவில் தடித்துக் கறுத்திருந்தன. பரிசோதனையில் பூஞ்சை இல்லை. ஷூவில் அரை அளவு கூட்டியதும், புதிதாக வளர்ந்த நகம் நன்றாகவே வந்தது. மூன்று மாதம் மாத்திரை விழுங்குவதற்கு முன், நகத்தைப் பரிசோதித்து உறுதி செய்யுங்கள் என்று நான் கெஞ்சிக் கேட்பது இதனால்தான்.

பரிசோதனை எளியது. நகத்துண்டையும் அடியிலிருக்கும் பொடியையும் எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இளக்கி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். பூஞ்சை இழை தெரிந்தால் அன்றே பதில் கிடைக்கும். எந்த இனம் என்றறிய வளர்ப்புச் சோதனைக்கு வைத்தால் நான்கு வாரம்வரை ஆகும். போகுமுன் நகப்பூச்சை அழித்துவிடுங்கள். பூஞ்சை மருந்து பூசிக்கொண்டிருந்தால் சொல்லிவிடுங்கள்; சில வாரம் நிறுத்திவிட்டு வரச் சொல்லக்கூடும். நுனியில் வெட்டிய துண்டில் பெரும்பாலும் செத்த பூஞ்சைதான் இருக்கும். கெட்ட பகுதியும் நல்ல பகுதியும் சேரும் எல்லைக்கு அருகே, நகத்தடியில் சுரண்டி எடுப்பதே நல்ல மாதிரி. ஒருமுறை 'இல்லை' என்று வந்தும் நகம் பூஞ்சைபோலவே தெரிந்தால் இன்னொருமுறை எடுப்பதில் தவறில்லை.

நகத்தில் கறுப்பாக ஒரு கோடு தோன்றி அகலமாகிக்கொண்டே வந்தால், அல்லது அந்தக் கறுப்பு நகக்கண் தோலுக்கும் பரவினால், பூஞ்சை மருந்து பூசிக் காத்திருக்க வேண்டாம். மெலனோமா என்ற புற்றுநோய் அப்படித் தொடங்கலாம். உடனே தோல் மருத்துவரைப் பாருங்கள்.

பூஞ்சை உறுதியானால் மருந்தைத் தேர்வது நகம் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஓரிரு நகங்களில், நுனிப் பாதிக்குள், வேர் தொடாமல் இருந்தால் மேற்பூச்சே போதுமானதாக இருக்கலாம். அமரோல்ஃபின் 5 சதவீதப் பூச்சை வாரத்துக்கு ஓரிரு முறை, சைக்ளோபிராக்ஸ் 8 சதவீதப் பூச்சை நாள்தோறும் போட வேண்டும். அமரோல்ஃபின் போடும் ஒவ்வொரு முறையும் நகத்தை அரத்தால் தேய்த்து மெலிதாக்கி, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டுப் போட வேண்டும். அந்த அரத்தை நல்ல நகத்தில் வைக்கக் கூடாது. ஒன்பது மாதம், ஓராண்டு என்று நீளும் வேலை இது. பூச்சால் மட்டும் முழுக் குணம் காண்பவர்கள் குறைவு என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2014-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எஃபினகோனசோல், டாவாபோரோல் என்ற புதிய பூச்சு மருந்துகளும் ஓராண்டு பொறுமையைக் கேட்பவையே.

பல நகங்கள் கெட்டிருந்தால், வேர்வரை போயிருந்தால், மாத்திரைதான் வலுவான வழி. டெர்பினாஃபின் 250 மில்லிகிராம் நாளுக்கு ஒன்று, கால் நகத்துக்குப் பன்னிரண்டு வாரம், கை நகத்துக்கு ஆறு வாரம் என்பது பெரியவர்களுக்கு வழக்கமான அளவு. தொடங்குமுன் ரத்தத்தில் கல்லீரல் நிலையைப் பார்ப்பார்கள். சிறுநீர் அடர்நிறமாகப் போனால், கண் மஞ்சளித்தால், காரணமில்லாமல் குமட்டலும் களைப்பும் வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரை அழையுங்கள். சிலருக்கு நாக்கில் சுவை போய்விடும். பெரும்பாலும் திரும்பிவிடும் என்றாலும் தெரிந்தவுடன் மருத்துவரிடம் சொல்லுங்கள். இட்ராகோனசோல் மாதத்தில் ஒரு வாரம் மட்டும் எடுக்கும் முறையிலும் தரப்படுகிறது. இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு அது கூடாது, சில கொழுப்புக் குறைப்பு மாத்திரைகளோடும் சேராது. அதனால் நீங்கள் எடுக்கும் எல்லா மருந்துகளையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். கீட்டோகோனசோல் மாத்திரை கல்லீரலைக் கடுமையாகத் தாக்கக்கூடும் என்று 2013-இல் அமெரிக்க, ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் எச்சரித்தன. நகத்துக்காக அதை யார் சொன்னாலும் எடுக்காதீர்கள். கர்ப்பிணிகளுக்கு நகச் சிகிச்சையைக் குழந்தை பிறந்து பாலூட்டல் முடியும்வரை தள்ளிவைப்பதே வழக்கம். இந்த நோய் அதற்குள் ஓடிவிடாது.

பன்னிரண்டு வாரம் முடிந்த அன்று நகத்தைப் பார்த்து மனம் உடைகிறவர்கள் பலர். "இத்தனை மாத்திரை விழுங்கியும் அப்படியேதான் இருக்கிறது" என்பார்கள். கால் நகம் மாதத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர்தான் வளரும். பெருவிரல் நகம் முழுதும் மாற ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு ஆகும். கெட்ட நகத்தை எந்த மருந்தும் நல்ல நகமாக மாற்றாது. புதிதாக வரும் நகத்தைக் காப்பதுதான் மருந்தின் வேலை. மாத்திரை நிறுத்திய பிறகும் அது பல மாதம் நகத்தில் தங்கியிருக்கும். ஆகவே நான் செய்வது இது: சிகிச்சை தொடங்கும் நாளில் நல்ல பகுதியும் கெட்ட பகுதியும் சேரும் இடத்தில், நகத்தின் மேல் அரத்தால் மெல்லியதாகக் குறுக்கே ஒரு கோடு கீறிவிடுவேன். மாதம் ஒருமுறை ஒரே வெளிச்சத்தில் படம் எடுக்கச் சொல்வேன். நகம் வளர வளரக் கோடு நுனி நோக்கி நகரும். கோட்டுக்குப் பின்னால் வரும் நகம் தெளிவாக இருந்தால் மருந்து வேலை செய்கிறது. மஞ்சள் அந்தக் கோட்டைத் தாண்டி வேர்ப்பக்கம் வந்தால் வேலை செய்யவில்லை, மருத்துவரிடம் போக வேண்டும். டெர்பினாஃபினுக்கு அடங்காத பூஞ்சைகள் இப்போது வந்திருப்பதால், அந்த நிலையில் வளர்ப்புச் சோதனையும் மருந்து எதிர்ப்புச் சோதனையும் கேட்டுப் பெறுவது பயனுள்ளது.

தடித்த நகத்தை வெட்டுவதற்கும் முறை உண்டு. குளித்து முடித்ததும் அல்லது வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் ஊறவைத்ததும் நகம் இளகும். ஒரே வெட்டாக வெட்டாமல் ஓரத்திலிருந்து சிறுசிறு துண்டாக, நேர்கோட்டில் வெட்டுங்கள். மூலைகளைத் தோண்டினால் நகம் சதைக்குள் வளரும். மிகவும் தடித்திருந்தால் 40 சதவீத யூரியாக் களிம்பால் மூடி இளக்கலாம். அதைப் பாதப் பராமரிப்பாளரின் மேற்பார்வையில் செய்யுங்கள். கெட்ட நகத்துக்குத் தனி நகவெட்டி வைத்துக்கொள்ளுங்கள். அதில் வீட்டில் வேறு யாரும் கை வைக்க வேண்டாம்.

வினிகரில் ஊறவைப்பது, தேயிலை மர எண்ணெய் பூசுவது பற்றியும் கேட்கிறார்கள். நகப் பூஞ்சையைத் தீர்க்கும் என்று சொல்லப் போதுமான சான்று இல்லை. லேசர் நகத்தின் தோற்றத்தைச் சில காலம் தெளிவாக்கலாம், மாத்திரைக்கு ஈடாக நிரூபிக்கப்படவில்லை. ப்ளீச், மண்ணெண்ணெய் போன்றவற்றைப் பூசித் தோல் வெந்துபோய் வந்தவர்களுக்குக் கட்டுப்போட்டிருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு

இங்கே என் அளவுகோலே வேறு. மற்றவர்களுக்குச் சேற்றுப்புண் ஒரு தொல்லை. நீரிழிவு உள்ளவருக்கு அந்தச் சிறு வெடிப்பு பாக்டீரியாவுக்குத் திறந்த வாசல். காலில் உணர்வு குறைந்திருந்தால் வெடிப்பு இருப்பதே தெரியாது. தடித்த நகம் பக்கத்து விரலைக் குத்திப் புண்ணாக்கினாலும் தெரியாது. தினமும் இரவில் விரலிடுக்கை விரித்துப் பாருங்கள், எட்டவில்லை என்றால் கண்ணாடியை வைத்தோ வீட்டாரைக் கேட்டோ பாருங்கள். தடித்த நகத்தை நீங்களே வெட்ட வேண்டாம், அதற்காகக் காலை ஊறவைக்கவும் வேண்டாம். பாதம் சிவந்து, சூடாகி, வீங்கினால், சிவப்பு கணுக்காலை நோக்கி ஏறினால், காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள், மறுநாள் காலைவரைகூடக் காத்திருக்க வேண்டாம். கால் வீக்கம் ஏற்கெனவே உள்ளவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

மறுபடி வராமல்

குணமானவர்களில் ஐந்தில் ஒருவருக்காவது நகத்தொற்று திரும்பி வருவதாகக் கணக்கிடுகிறார்கள். பழைய ஷூவும் பழைய காலுறையும் வித்துகளைப் பத்திரமாக வைத்திருந்து திருப்பித் தருவது ஒரு முக்கியக் காரணம். ஒரே ஷூவைத் தினமும் போடாதீர்கள். இரண்டு ஜோடி இருந்தால் ஒன்று முழு நாள் காய நேரம் கிடைக்கும். உள்தகட்டைக் கழற்றி வெளியே வையுங்கள், பூஞ்சை மருந்துப் பொடியை உள்ளே தூவுங்கள். ஷூவை ஃப்ரீசரில் வைத்தால் பூஞ்சை செத்துவிடும் என்ற யோசனை பரவியிருக்கிறது. குளிரில் அது உறங்குமே தவிரச் சாகாது. மிகப் பழைய, உள்ளே நைந்துபோன ஷூ என்றால் விட்டுவிடுங்கள்.

காலுறைகளை 60 டிகிரி நீரில் துவையுங்கள். 40 டிகிரியில் பூஞ்சை தப்பிப் பிழைத்து, உடன் துவைக்கும் துணிகளுக்கும் ஒட்டும். பருத்திக் காலுறை வியர்வையை உறிஞ்சி அப்படியே பிடித்துவைத்துக்கொள்ளும். அதிகம் வியர்ப்பவர்கள் நண்பகலில் ஒருமுறை மாற்றுங்கள், அல்லது ஈரத்தை வெளியே கடத்தும் துணியில் வாங்குங்கள். பாதத்துக்குத் தனித் துண்டு வையுங்கள். உடுத்தும்போது காலுறையை முதலில் போட்டுவிட்டு உள்ளாடையைப் போடுங்கள். கால் விரலிலிருந்து பூஞ்சை தொடையிடுக்குக்கு ஏறிப் படர்தாமரையாவது இந்தச் சின்ன வரிசைமாற்றத்தால் குறையும். பொதுக் குளியலிடங்களில் செருப்பைக் கழற்றாதீர்கள்.

வீட்டில் ஒருவருக்கு வந்தால் எல்லாருடைய விரலிடுக்கையும் ஒருநாள் உட்கார்ந்து பாருங்கள். தொற்று இருப்பவர்கள் எல்லாரும் ஒரே காலத்தில் மருந்து பூசுங்கள். நகம் தெளிந்த பிறகும் பூஞ்சைக் களிம்பு ஒன்று வீட்டில் இருக்கட்டும். இடுக்கில் வெள்ளையாக ஊறல் தெரிந்த அன்றே பூசத் தொடங்கி, கால அளவு முடியும்வரை தொடருங்கள்.